பழுதில்லாத காணிக்கை

அறுப்பின் பண்டிகைக்குப் படைத்த பொருள்களில் ஞானசிகாமணியின் வெடிப்பெட்டியை மட்டும் காணவில்லை.

பரங்கிக்காய் இருந்தது. சோளக்கதிர் இருந்தது. காலைக் கட்டிப் போட்ட சேவல்கூட, ஆராதனை முழுவதும் போதகரோடு போட்டி போட்டுக் கூவி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, பீடத்தின் ஓரமாகக் கிடந்தது. சபைக் கமிட்டித் தலைவரான அவர் முதற்பலன் என்று சொல்லித் தூக்கி வந்து வைத்த பெட்டியைத்தான் காணோம். ஆராதனை முடிந்து நடக்கும் காணிக்கை ஏலம் நின்றுபோனது.

"வேற யாரு எடுப்பா? கோயில் கூட்டுறவதான்," என்றார் ஞானசிகாமணி.

கோயில் கூட்டுகிறவள் மாடத்தி. ஞானஸ்நானத்தில் அவளுக்கு எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். சபையில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை.

கோடையில் ஞானசிகாமணியின் பட்டாசு ஆலை வெடித்ததில் மாடத்தியின் மூத்த மகள் சுகிர்தா செத்துப்போனாள். செத்தவர்களுக்காகச் சபை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபித்தது. ஆலைக்கு அரசாங்கம் சீல் வைத்துவிட்டது. அது சீக்கிரம் திறக்க வேண்டும் என்று சபை வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தது. ஞானசிகாமணியும் இரக்கப்பட்டு, இளையவள் சினேகாவுக்குத் தன் தோட்டத்தில் வேலை போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல மாடத்திக்கு வழியில்லை. அவள் குடியிருந்த வீடும் அவருடையது. போதகர் அந்த இரக்கத்தை மூன்று பிரசங்கங்களில் எடுத்துச் சொன்னார்.

இப்போது சினேகா பெண்கள் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பாட்டுப் புத்தகம். அட்டையில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளி வெள்ளியாகத் தடம்.

ஞானசிகாமணி போன் போட்டதும் சப்-இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். புதிதாக மாற்றலாகி வந்தவர். அவருக்கு முன்வரிசையில் நாற்காலியும் கலர் சோடாவும் கொடுத்தார்கள்.

"ஒத்துக்கம்மா," என்றார் போதகர். "இல்லன்னா உனக்குத் திருவிருந்தும் கிடையாது, நாளையிலேருந்து வேலையும் கிடையாது."

"வேலை மட்டுமா? வீட்டையும் காலி பண்ணிரணும்," என்றார் ஞானசிகாமணி.

"மகளைப் பறிகொடுத்தவ மாதிரியா நிக்கா? கல்லு மாதிரில்லா நிக்கா," என்றாள் பெண்கள் சங்கச் செயலாளர் பொன்னுத்தங்கம், எல்லோருக்கும் கேட்கும்படி.

மாடத்தி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நான்தான் எடுத்தேன்."

சபைக்கு மூச்சு வந்தது. திருடி யார் என்று தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். தெரிந்துவிட்டால் மன்னிக்கலாமா, விரட்டலாமா என்று நிதானமாகப் பேசலாம்.

"எதுக்கு எடுத்தே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"மொதலாளி மானத்தைக் காப்பாத்தத்தான் சார். அது நமுத்துப்போன சரக்கு. கடைக்காரன் வேண்டாம்னு திருப்பிவிட்டது. ஏலம் எடுத்தவன் வாசல்ல வச்சுக் கொளுத்தி, புஸ்ஸுனு போச்சுன்னா, கர்த்தருக்கே கழிச்ச சரக்கைக் குடுத்துட்டாகன்னு ஊரு சிரிக்கும்லா. அதான் ஒளிச்சு வச்சேன்."

பாடகர் வரிசையில் யாரோ செருமினார்கள்.

"இருந்தாலும் இருக்கும்," என்று பொன்னுத்தங்கம் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "போன அசன விருந்துக்கு அவுக குடுத்த அரிசியில பாதி வண்டுல்லா."

பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. ஞானசிகாமணியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆலை வெடித்தபோதுகூட அந்த நரம்பு அப்படிப் புடைக்கவில்லை. எழுந்து நின்று வலது கையை உயர்த்தினார்.

"ஏளா, கர்த்தர் சந்நிதியில வச்சுச் சொல்லுதேன், கேட்டுக்கோ. இந்த ஞானசிகாமணி கழிவைக் கொண்டாந்து காணிக்கை வைக்கிறவன் இல்ல. அது வியாழக்கிழமை செஞ்ச சரக்கு. என் ஆளுகளை வச்சு, எங் கண்ணு முன்னால செஞ்சது. திரிகூட இன்னும் சரியாக் காயல. சந்தேகம் இருக்கவன் கொளுத்திப் பாரு."

"ஆமென்," என்றது சபை, பழக்கதோஷத்தில்.

"பெட்டி எங்கம்மா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பீடத்துக்கு அடியில சார். இம்புட்டு நேரமும் எல்லாரும் அங்கனதான் பாத்துக்கிட்டு இருந்தாக."

அவர் பீடத்துத் துணியைத் தூக்கிப் பெட்டியை வெளியே இழுத்தார். ஒரு வெடியை எடுத்துத் திரியை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி சொன்னது நிஜம்தான். புதுச் சரக்கு."

ஞானசிகாமணி சபையை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்தார்.

"உங்க ஆலைக்குச் சீல் வச்சு மாசக்கணக்காச்சு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "நேத்துக்கூட நானே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துட்டு வந்தேன். அப்ப வியாழக்கிழமை இதை எங்க வச்சுச் செஞ்சீங்க?"

சினேகா தன் விரல்களைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சார், அது... அது என் பெட்டியே இல்ல சார்," என்றார் ஞானசிகாமணி.

பீடத்தின் ஓரத்தில் சேவல் கூவியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் மாடத்தியிடம் திரும்பினார். "ஏம்மா, இதை ஸ்டேஷனுக்கு வந்து நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க மாத்தலாகி வாரதுக்கு முன்னால பல தடவை வந்து சொல்லிட்டேன் சார். தோட்டத்துத் தகரக் கொட்டகையில எம் புள்ளைய வெடிமருந்துக்குள்ள உக்கார வச்சிருக்காக, மூத்தவ மாதிரி இவளும் போயிருவான்னு அழுதேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல," என்றாள் மாடத்தி.

"ஆனா மொதலாளி பெட்டி காணாமப் போனா ஓடி வருவீகன்னு தெரியும்."