மாலை அரை மணி நேரம்

“கடையில விழுற ஆர்டரெல்லாம் கிடங்குக் கணினிக்குத் தானாப் போயிடும்னுதானே உன் மென்பொருளை வாங்கினேன், சௌசன்?” அம்மான் நகரில் இனிப்புக் கம்பெனி நடத்தும் அபூ கைஸ் போனில் உறுமினார். “பத்து நாளா, சூரியன் மறைஞ்சா அரை மணி நேரம் செத்துக் கிடக்குதே!”

“சர்வர் சூடாகிடுது, மாமா.”

“வெயில் போனப்புறமா சூடாகும்? இன்னைக்கும் நின்னா ஒப்பந்தம் ரத்து!”

சௌசனுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். ஜன்னலில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பதறியடித்து அடுத்த அறைக்கு ஓடினாள்.

அங்கேதான் அந்த மென்பொருள் உட்கார்ந்திருந்தது: அவள் கணவன் ஸுஹைர். காலையிலிருந்து ஒவ்வொரு ஆர்டராகப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தவன், பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கொலி கேட்டதும் விசைப்பலகையை ஒதுக்கினான்.

“கையை எடுக்காதீங்க!” என்று அலறினாள் சௌசன். “பேரீச்சம்பழத்தை நான் ஊட்டிவிடுறேன், நீங்க தட்டுங்க!”