ஊரே சந்தோஷம்

படபடவென்று வேட்டு வெடித்தது. மீன்வளத்துறை அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கியதும், கடற்கரையில் கூடியிருந்த ஊரே கைதட்டியது.

"எங்க ஊர்ல குறைன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல சார். எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க," என்றார் ஊர் கமிட்டித் தலைவர் கஸ்பார். "சந்தேகம்னா நீங்களே கேளுங்க."

"மானிய டீசல் எல்லாருக்கும் ஒழுங்கா கிடைக்குதா?"

எல்லாரும் கஸ்பாரின் முகத்தைப் பார்த்தார்கள். கஸ்பார் திரும்பிப் பார்த்ததும் மறுபடியும் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா!"

தூரத்தில், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் அருகே ஓர் இளைஞன் தனியாக நின்றிருந்தான். அதிகாரி அவனைக் காட்டினார். "அவர் மட்டும் ஏன் கைதட்டல?"

"அவன் பிறவி ஊமை சார். காதும் கேக்காது, பாவம்."

முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்த ரெஜினாவின் கைகள் சட்டென்று நின்றன. அவள் எழுந்தாள்.

"ஏளா, உக்காரு!" கஸ்பார் பல்லைக் கடித்தார்.

"நீரு சும்மா இரும்வே!" என்றவள், வள்ளத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஏலே மெல்ட்டன்! சாப்பிட்டியாலே மவனே?"

வள்ளத்தின் அருகிலிருந்து ஆத்திரமும் அழுகையுமாய்ப் பதில் வந்தது.

"சாப்பிட்டேம்மா! டீசல் எங்கன்னு கேட்ட என்னைய விலக்கி வச்ச மாதிரி, என்கிட்ட பேசுன உன்னையும் இந்த ஆளு ஊர்விலக்கு வச்சிருவானேம்மா!"