சட்டைக்கைப் பை

துவைக்க எடுத்த சட்டையின் கை மடிப்பில் மறுபடியும் அந்த ரகசியப் பை இருந்தது.

தையல்காரிக்குத் திக்கென்றது. ஒரே ஒரு சீட்டு நுழையும் பை. அவள் கணவரான பெயிண்டர் ரம்மி ஆட்டத்தில் ஜோக்கரை ஒளித்துவைத்து ஊரையே மொட்டையடித்த பை.

அவர் ஞானஸ்நானம் எடுத்த அன்று சபைக்கு முன்னால் அவள்தான் கத்தரிக்கோலால் அதைப் பிரித்துப் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். "இனி சீட்டைத் தொட்டா, நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அன்றே சொல்லியும் வைத்தாள்.

இப்போது வெள்ளைச் சட்டையில், கறுப்பு நூலில், கோணல்மாணலாக ஒரு பை. அலமாரியைத் திறந்தாள். எல்லாச் சட்டையிலும் இருந்தது.

கத்தரிக்கோலும் கையுமாகப் பாஸ்டர் வீட்டுக்கு ஓடினாள்.

"நீங்க முக்கினது சரியா நனையலை, பாஸ்டர்."

"என்னம்மா சொல்றே? தலை முங்குற வரைக்கும் முக்கினேனே. மூச்சு முட்டி என் கையைக்கூடக் கடிச்சாரு."

"சட்டைக்கை மட்டும் வெளியவே இருந்திருக்கும். தினமும் சாயங்காலம் ஜெபக்கூட்டம்னு கிளம்பறாரே, அங்கயுமா ஆடறாரு?"

"ஜெபக்கூட்டம் வெள்ளிக்கிழமை மட்டும்தானேம்மா."

"அப்ப தச்சர் வீடுதான். வாங்க, கையும் களவுமா பிடிக்கலாம்."

தச்சர், பெயிண்டரின் பழைய ஆட்டக் கூட்டாளி. பெயிண்டரிடம் அதிகம் தோற்றவரும் அவரே. பக்கவாதம் வந்ததிலிருந்து சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்துக் கிடப்பதாகக் கேள்வி.

"படுத்துக் கிடக்கிற மனுஷனையுமா ஏமாத்தணும், பாவி!"

தச்சர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

தச்சர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டம் பாதியில் இருந்தது. பெயிண்டர் இருமுவதுபோல முகத்தைத் திருப்பினார். சட்டைக்கையிலிருந்து ஜோக்கர் நழுவியது.

"பாத்தீங்களா!" தையல்காரி கத்தரிக்கோலை இறுகப் பிடித்தாள்.

ஜோக்கர் சீட்டுக்கட்டின் மேல் போய் உட்கார்ந்தது. அடுத்து எடுக்க வேண்டியவர் தச்சர்.

எடுத்தார். இடது கையால் சீட்டுகளைப் படுக்கையில் அறைந்தார். "ரம்மி! இன்னைக்கும் காலியாடா நீ?"

"கைராசியே இல்லைண்ணே."

"தண்ணில முங்கினதும் உனக்கு ஆட்டமே மறந்துபோச்சு. இதை முன்னாடியே பண்ணித் தொலைச்சிருந்தா, எம் பொண்டாட்டி வளையலாவது மிஞ்சியிருக்கும்!"

தச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "சாப்பாடு கொண்டாடி, பசிக்குது" என்று குரல் கொடுத்தார்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நான் எதையும் பார்க்கலைம்மா. கண்ணாடியை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்."

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

பெயிண்டர் வீடு திரும்பியபோது, வாசலிலேயே கத்தரிக்கோலோடு நின்றாள்.

"சட்டையைக் கழட்டுங்க."

அவருக்கு முகம் வெளுத்தது. "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. அண்ணன் வீட்டுக்கெல்லாம் போயிடாத..."

அவள் பையைப் பிரித்தெடுத்தாள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து வெள்ளை நூலைக் கோத்தாள்.

"கறுப்பு நூல்ல தைச்சா தச்சர் கண்ணுல பட்டுடாதா? மத்த சட்டையையும் எடுத்துட்டு வாங்க."