பயந்த பிள்ளைகள்

"ஏலே சபரி, உன் மகளை எங்க? அவ கையாலதான் பத்த வைக்கணும்னு அண்ணாச்சி கோயம்புத்தூர்ல இருந்து வந்து காத்துக்கிட்டு இருக்காக!"

வாசலில் நின்று தனுஷ்கோடி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

தீபாவளி சாயங்காலம். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்த பட்டாசுக் கம்பெனி அது. அண்ணன் தனுஷ்கோடிக்கு ஆலைப் பொறுப்பு. தம்பி சபரிநாதனுக்கு லேபிளும் பெட்டியும் அச்சடிக்கிற திருத்தங்கல் பிரஸ். இந்த வருடத்துப் புதுச் சரக்கு, மேலே போய்ப் பூவாய் விரிகிற வாணப் பெட்டி. பெயரே 'ரோஷினி'தான். பெட்டியின் மேல் சபரிநாதனின் எட்டு வயது மகள், முன்பல் இரண்டு இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிஜ ரோஷினியோ அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்திருந்தாள்.

"பெரியப்பா, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்" என்று ஐந்து வயது ராம்குமார் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான்.

கோயம்புத்தூர் வியாபாரி மகேஷ்குமார் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னங்க இது? பொட்டி மேல தைரியமாச் சிரிக்கிற பாப்பா நேர்ல இப்படிப் பயந்துக்குது?"

சபரிநாதனின் முகம் சுண்டிப்போனது.

இது ஒன்றும் முதல் தடவை இல்லை. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் சரவெடியை விரித்துப் போட்ட நேரத்தில், "அவசரமா ஒண்ணுக்கு வருது" என்று ரோஷினி அவனை வீடு வரை இழுத்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு, "இப்ப வரல" என்றாள். இருக்கன்குடி கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போன இடத்தில் வேட்டுச் சத்தம் கேட்டதும் ராம்குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் சபரிநாதனின் ஒற்றைச் செருப்பு போன இடம் தெரியவில்லை. காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றியதும் பையன் முறுக்கு கேட்டான்.

மனைவி கீர்த்திகா, "நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க இருங்க" என்றாலும் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். அப்பாதான் வரவேண்டும்.

"எனக்குத்தான் பிள்ளை இல்ல" என்றான் தனுஷ்கோடி. "நாளைக்குக் கம்பெனியை இதுகதான பாக்கணும்? கம்பி மத்தாப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில ஓடுற பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் என்னலே செய்ய?"

"சின்னப் பிள்ளைக தானண்ணே..."

"அங்கன பாரு, நம்ம வாட்ச்மேன் சின்னச்சாமி பேத்தி. இவனைவிடச் சின்னது. சங்குசக்கரத்தைச் சுத்தி எப்படி ஆடுதுன்னு பாரு. எல்லாம் நீ குடுக்கிற செல்லம்! ஒரு வெடிச் சத்தம் கேட்டுறக் கூடாது, உடனே ரெண்டையும் தூக்கிக்கிட்டு உள்ள ஓடிருத."

வந்திருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சின்னச்சாமியின் பேத்திகூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சபரிநாதனுக்கு நிலம் பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் போல இருந்தது.

அந்த நேரம் பக்கத்து வீட்டில் யாரோ சரத்தைக் கொளுத்தினார்கள்.

"அப்பா, வாப்பா... உள்ள வாப்பா!" ரோஷினி கத்தினாள். இரண்டு பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு சபரிநாதன் உள்ளறைக்கு ஓடினான். கதவைச் சாத்தினான். ஜன்னல்களைத் தாழிட்டான். டிவியை முழுச் சத்தத்தில் வைத்தான். கட்டிலில் இருவரையும் இரண்டு பக்கமும் இறுக்கி அணைத்துக்கொண்டு, சரம் வெடித்து ஓயும்வரை கண்ணை மூடிக் காத்திருந்தான்.

வெளியே சத்தம் நின்றது. உள்ளே இவன் சத்தம் எழுந்தது.

"அம்புட்டுப் பேரு முன்னால என் மானத்தை வாங்கிட்டீகளே! ஊதுவத்தியைக் கொண்டுபோயி திரியில வச்சா முடிஞ்சுது. ஒரே ஒரு தடவை செஞ்சா என்ன?"

ரோஷினி தரையைப் பார்த்தாள். "பயமா இருக்குப்பா."

"என்ன பயம்? நம்ம வீட்டுல உலை கொதிக்கிறதே இந்த வெடியாலதான? பெரியப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? நாலு பேரு சிரிக்கிறது உங்களுக்கு உறைக்கவே உறைக்காதா?"

ராம்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவன் தொடையில் கிள்ளினாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றான் அவன் அவசரமாக.

மகளின் கண்ணில் நீர் முட்டுவதைப் பார்த்ததும் சபரிநாதனின் கோபம் வடிந்துவிட்டது. பிள்ளைகளைத் திட்டியது வேறு புது வெட்கமாக வந்து சேர்ந்தது. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல், டிவியை அணைத்துவிட்டு, தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனான்.

செம்போடு திரும்பி வந்தபோது கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ரோஷினி குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். அவன் அப்படியே நின்றான்.

"லே ராமு, போன தீபாவளிக்குப் பூரா நாந்தான் அப்பாகூட உள்ள உக்காந்தேன், இந்த வருசம் உன் முறை, அம்மா மாடியில எனக்குன்னு ஒரு பெட்டி வச்சுக்கிட்டு நிக்கா, நான் பத்த வச்சுட்டு ஓடியாந்துருதேன். வெடிக்கையில அப்பாவுக்குக் கை நடுங்கும், கெட்டியாப் பிடிச்சுக்கோ... யாரு கேட்டாலும் பயம் உனக்குத்தான்னு சொல்லணும், என்ன?"