ஓரத்து விரல்கள்

“அண்ணா, உங்கப்பாவோட விரலை மறுபடியும் காணோம்!”

சோதனைப் பிரிவுப் பெண் போட்ட சத்தத்தில் அந்த மாடியே திரும்பிப் பார்த்தது. பதற ஒன்றுமில்லை, காணாமல் போனது திரையில்தான். சன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர், முகம் இருட்டாக இருந்தது. மணிக்கட்டு மட்டும் லேசாக அசைந்தது. விரல்கள் நாற்காலிக் கையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன.

“எந்த இடத்துல போகுது?” என்றபடி ஓடி வந்தான் ‘கட்டம்’.

“நாலு கட்டம் சேர்ற மூலைல. எப்பவும் அதே இடம்தான்.”

‘கட்டம்’ என்பது அலுவலகம் வைத்த பெயர். குறட்டையைக்கூடக் கட்டம் கட்டமாகத்தான் விடுவான் என்பார்கள். செய்கிற வேலை அப்படி. வீடியோவை அப்படியே அனுப்பினால் எந்த இணைப்பும் தாங்காது. அதனால் படத்தைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டமும் அடுத்து எங்கே நகரும் என்று கணித்துக்கொண்டு, கணிப்புக்குத் தப்பிய மிச்சத்தை மட்டும் அனுப்புவார்கள்.

கட்டத்தின் நடுவில் கணிப்பு அநேகமாகப் பிசகாது. ஓரத்தில்தான் கோட்டைவிடும். நாற்காலி அசையவில்லையா, அப்படியானால் அதே கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் விரலும் அசையவில்லை என்று முடிவுகட்டிவிடும்.

ஓரத்தில் இருக்கும் புள்ளிகள் பக்கத்துக் கட்டத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நகரட்டும் என்பது இவன் யோசனை. சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது. மூன்று மாதமாக மல்லுக்கட்டுகிறான்.

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அவன் அப்பா போனார். பட்டப்பகலில், வீட்டில் தனியாக, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. “ஒரு துடிப்புகூட இல்ல, நிம்மதியாப் போயிட்டார்” என்று எல்லோரிடமும் அவனேதான் சொன்னான். கொடுத்துவைத்த சாவு என்று அலுவலகமும் அவனைத் தேற்றியது.

மற்றவர்கள் கால்பந்தையும் ஓடுகிற நாயையும் வைத்துச் சோதிப்பார்கள். இவன் தன் வீட்டில் மாட்டியிருந்த கம்பெனிக் கேமராவின் மெமரி கார்டில் வெட்டாமல் கிடந்த அப்பாவின் ஆறு நொடியைத்தான் வைப்பான். அந்த அசல் படத்தைச் சோதனைப் பெண்ணுக்குக்கூடக் காட்டமாட்டான். “பார்த்துட்டா, விரல் எங்க இருக்கணும்னு உன் கண்ணே வரைஞ்சுக்கும்” என்பான். அதுவும் நியாயம்தான். அப்பா நினைப்பு விடவில்லை, பாவம் என்று அவளும் வற்புறுத்தமாட்டாள்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். “என்னப்பா, ஆச்சா? பன்னிரண்டு மணிக்குள்ள வரலன்னா புதுக் கேமராவும் பழைய முறையிலேயே போயிடும். விரல் நுனியை எவன் பார்க்கப் போறான்?”

“நம்ம கேமராவை வாங்கறவங்க எல்லாரும் வீட்ல யாரையாவது தனியா விட்டுட்டு வேலைக்கு வர்றவங்க சார். பழைய முறைல போகவே கூடாது.”

“பழைய முறையை எழுதினதே நீதானேய்யா! சின்னச் சின்ன அசைவெல்லாம் வெறும் தூசு, தூக்கிப் போட்டா வேகம் கூடும்னு சொல்லிக் கேடயம் வாங்கினதும் நீதான்.”

அவன் முகம் செத்துப்போனது. “ஆமா சார், நான்தான்” என்றான். அந்தக் குரலைக் கேட்டு மேலாளருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

பக்கத்துக் கட்டத்தின் பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் காது கொடுக்கச் சொல்லிக் கணக்கை மாற்றினான். இரண்டு தடவை தப்பாகத் தட்டி, அழித்து எழுதினான். இது ஒன்று மட்டும் சரியாக வந்துவிட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருக்கும்போது, சோதனைப் பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். இடப்பக்கம் பழைய முறை, வலப்பக்கம் புதியது.

இடப்பக்கத்து அப்பா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கத்து அப்பாவின் கை மெல்ல எழுந்தது. ஐந்து விரலும் முழுசாக விரிந்து, கேமராவைப் பார்த்து அசைந்தன. ஒரு தரம், இன்னொரு தரம்.

“அண்ணா, அஞ்சு விரலும் வந்தாச்சு!” அவள் நாற்காலியைவிட்டுக் குதித்தே விட்டாள். “அப்பா நமக்கு டாட்டா காட்டறார் பாருங்க!”

மாடி முழுக்கக் கைதட்டியது. மேலாளர் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். “சாதிச்சுட்டய்யா! இன்னிக்கே எல்லாக் கேமராவுக்கும் போயிடும்.”

அவன் அழுதுகொண்டிருந்தான். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“டாட்டா இல்லம்மா” என்றான். “மூச்சு முட்டி, என்னைக் கூப்பிடறார். அதுதான் அவரோட கடைசி ஆறு நொடி.”

கைதட்டல் நின்றுபோனது. அவள் அவன் பக்கம் திரும்பினாள். “அப்போ... அப்போ நீங்க எங்கண்ணா இருந்தீங்க?”

“இங்கதான்மா. இடப்பக்கம் ஓடுதே, அந்தப் படத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.”