ஈரப்பதம்: ஒரு விரிவான விளக்கம்

“ஈரம்னு எழுதியிருக்கீங்க. எந்த ஈரம்?”

நூலகத் துறை இயக்குநர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எதிரே நூலகர் அம்மாள், சொட்டும் குடையோடு நின்றிருந்தார்.

“கூரை ஒழுகி அலமாரி நனைஞ்சிடுச்சு சார். கூரையில நானே தார்ப்பாய் கட்டிட்டேன். ஆனா உள்ள நூறு பழைய புத்தகம் ஊறிப்போய்க் கிடக்கு. வேற எங்கயும் பிரதி கிடையாது. காயலேன்னா நாலே நாள்ல பூஞ்சை பிடிச்சிடும். ரெண்டு ஃபேன் அனுப்புங்க.”

“ஒழுகினா அது கசிவு. தொட்டா கையில ஒட்டறது ஈரம். கண்ணுக்குத் தெரியாம உள்ள தங்கறது ஈரப்பதம். மூணுக்கும் தனித்தனிப் படிவம் இருக்கு. நீங்க எல்லாத்தையும் ஒரே வரியில போட்டுக் குழப்பிட்டீங்களேம்மா.”

“சரி சார், நாலு கட்டு வெள்ளைத்தாளாவது குடுங்க.”

“மனுவைத் திருத்தி எழுத ஒரு தாள் போதுமே. அதுவும் அடுத்த வருஷ ஒதுக்கீட்டுலதான்.”

நூலகர் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது. பிறகு மிகப் பணிவாகச் சொன்னார்:

“அந்த வித்தியாசம் எனக்குச் சரியா விளங்கல சார். கொஞ்சம் விரிவா எழுதி அனுப்ப முடியுமா? படிக்க வர்றவங்களுக்கும் சேர்த்து நாப்பது பிரதி.”

இயக்குநருக்கு உச்சி குளிர்ந்தது. இருபது வருடப் பதவிக்காலத்தில் அவரிடம் விளக்கம் கேட்டவர்கள் உண்டு; விரிவாகக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

அன்று மாலையே எட்டுப் பக்கம் போயிற்று. மறுநாள் காலையில் பதில் வந்தது: ‘எல்லாம் ஒரே மூச்சில் தீர்ந்துவிட்டது. இன்னும் விரிவாக வேண்டும். தாளின் ஒரு புறம் மட்டும் அச்சடிக்கவும். வழவழப்பான தாள் வேண்டாம்.’

‘ஓரத்தில் குறிப்பெடுக்கிறார் போலும்’ என்று உருகினார் இயக்குநர். காற்றின் ஈரப்பதம், மண்ணின் ஈரப்பதம், தானியத்தின் ஈரப்பதம் என்று கடிதங்கள் பறந்தன. பிஸ்கட் நமுத்துப்போவதற்கே பதினாறு பக்கம்.

“சார், அந்த ஃபேன் விஷயம்...” என்று இழுத்தார் உதவியாளர்.

“இருய்யா. அந்தம்மா முதல்ல விஷயத்தைப் புரிஞ்சுக்கட்டும்.”

பத்தாம் நாள் வெயில் அடித்தது. இயக்குநர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நூலகத்துக்கே கிளம்பிவிட்டார். தன் கடிதங்கள் தோல் அட்டை போட்டு வாசலிலேயே வீற்றிருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார். வாசலில் நாளிதழ்கள்தான் இருந்தன.

“விளங்கிச்சாம்மா?”

“ரொம்ப உபயோகமா இருந்துச்சு சார்.”

“எங்க வச்சிருக்கீங்க?”

“எல்லாப் புத்தகத்துக்குள்ளயும் இருக்கு.”

எல்லாப் புத்தகத்திலுமா? இயக்குநர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அலமாரியிலிருந்து கனமான பழைய புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். தாள்கள் மொறமொறவென்று காய்ந்திருந்தன. பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக, எழுத்து உள்ளே போகும்படி மடித்துச் செருகப்பட்டு, பழுத்து நெளிந்து கிடந்தது அவருடைய விரிவான விளக்கம்.

“தினமும் ரெண்டு தடவை மாத்தினேன் சார்,” என்றார் நூலகர். “வெள்ளைத்தாளா இருந்திருந்தா இன்னும் நல்லா உறிஞ்சியிருக்கும்.”