குமுதாவிடம் மட்டும்

தாதியரும் நோயாளிகளும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. பினாங்கில் ஒரு மருத்துவமனை வார்டு. காலையில் தாதி குமுதாவின் சட்டைப்பையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, மதியம் போய் வாங்கிக்கொள்வேன்.

போன வருடம் அம்மா இறந்ததும் இதே வார்டில்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, "ஒரு தடவ என் பேரச் சொல்லும்மா" என்று கெஞ்சியிருக்கிறேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

இன்று டத்தோ கிராமாட் பகுதியிலுள்ள என் வீட்டுக்கு வந்து, புதிய பதிவைப் போட்டுக் கேட்டேன். ரத்த அழுத்தம், மாத்திரை, வழக்கமான பேச்சு. அடுத்தது ஜன்னலோரக் கட்டில், அம்மா கிடந்தது. அது காலியாக இருந்ததைக் காலையில் நானே பார்த்தேன்.

"சாப்டீங்களாம்மா?" குமுதா கேட்டாள்.

"ரொட்டி சானாய் கேட்டா கஞ்சியக் கொண்டாந்து வைக்கிறீங்களே லா, மிஸி."

அம்மாவின் குரல். குழறல்கூட இல்லை. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"மககிட்டயும் ரெண்டு வார்த்த பேசலாம்லம்மா. பாவம்."

"அவகிட்ட எனக்கென்ன பேச்சு?"

தூரத்தில் செருப்புச் சத்தம்.

"வர்றாங்கம்மா," என்று குமுதா கிசுகிசுத்தாள்.

உடனே எல்லாம் அடங்கிப்போனது. செருப்புச் சத்தம் மட்டும் நெருங்கி வந்து நின்றது. கருவியை வாங்க வந்த என் செருப்பு.

"இன்னிக்கு யாரும் சரியா பேசலக்கா," என்றாள் குமுதா.

மதியம் அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல, அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்து.